ஷாப்புக்குப் போக இருந்த மொச்சை

வாருங்கள் கண்ணுகளே, தள்ளித் தள்ளி உட்காராமல் இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். வயிறு காலியாக இருந்தால் எதையாவது கொறித்துக்கொண்டே கேளுங்கள். இது வாசம் வருகிற கதை. பாதியில் பசியெடுத்தால் என்னைக் குறை சொல்லக் கூடாது. ஒரு சட்டி மொச்சை ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குக் குறுக்கே போய் நின்ற கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

கோவிந்தாபுரம் தெரியுமில்லையா, இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு, நடுவில் ஒரு செக்போஸ்ட்டுக் கம்பு. அங்கே வாய்க்காலை ஒட்டின ஒரு வீட்டில் பழனாத்தாள் இருந்தாள். காடு கழனி உள்ள குடும்பத்தில் பிறந்து, காடு கழனி உள்ள குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப் போனது மழை பெய்தால் நிலம், பெய்யாவிட்டால் வெறும் கல். மழை தொடர்ந்து ஏமாற்றியது. கையில் பொன்னாத்தாள் என்று ஒரு பெண் குழந்தை.

வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. தோப்பின் அந்தக் கடைசியில் கள்ளுக்கடை. ஷாப்பு என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். ஓலைக் கூரை, நம்பர் எழுதின பலகை, பெஞ்சு, மண்கலயம், பாட்டில். சர்க்கார் லைசென்சு உள்ள கடைதான், ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. ஆனால் கள்ளு எவ்வளவு நன்றாக இருந்தாலும், தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையென்றால் மனுஷன் எவ்வளவு நேரம் உட்காருவான்? கடைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். பழனாத்தாள் ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, "சட்டி வருமுங்க. நான் வர மாட்டேன். யாரு ஆக்கறதுன்னு அங்க பேச்சும் வரப்படாது" என்று சொல்லி அனுப்பினாள். அன்றிலிருந்து அவள் சமையல் ஷாப்புக்குப் போயிற்று. அவள் மட்டும் ஒரு நாளும் போகவில்லை.

சட்டியைத் தூக்கிப் போகிறவன் ராக்கப்பன். மரமேறி. இடுப்பில் அரிவாள் பெட்டியும் கள்ளுக் குடுவையுமாக விடியக்காலையில் மரத்திலிருந்து இறங்குவான். முதல் வேலையாக ஒரு சின்னக் கலயம் கள்ளைப் பழனாத்தாள் வீட்டுப் பின்வாசலில் வைப்பான். குடிக்க இல்லை. பழனாத்தாள் கள்ளை நாக்கில் வைத்தவளே இல்லை. அவள் கலயத்தைக் கையில் எடுத்து மூக்கு வரைக்கும் கொண்டு போவாள், அவ்வளவுதான். அதிலேயே அன்றைய சமையல் முடிவாகிவிடும்.

வாய்க்கால் ஓரத்துத் தென்னங்கள்ளு என்றால் தேன் மாதிரி இனிக்கும். அதற்கு நாக்கைச் சுட்டெரிக்கிற குடல் வறுவல். மேட்டுக்காட்டு மரத்துக் கள்ளுக்குக் கொஞ்சம் காட்டம் உண்டு. அதற்கு வேக வைத்த மரவள்ளிக் கிழங்கும், சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நசுக்கி எண்ணெய் விட்ட துவையலும். பங்குனி சித்திரையில் பனங்கள்ளு வந்துவிட்டால் கருவாடு. சாயங்காலத்து மூத்த கள்ளுக்கு மட்டும் காரமே ஆகாது. "அது தன்னாலயே எரிக்குமப்பா, அதுமேல நாம வேற எதுக்கு நெருப்பு வெக்கறது?" என்பாள். அதற்கு அவித்த வேர்க்கடலை, முட்டை.

"குடிக்காமயே உனக்கு எப்பிடியம்மா தெரியுது?" என்று ராக்கப்பன் ஒரு தரம் கேட்டான்.

"உன்ற சம்சாரம் சண்டைக்கு நிக்கறாளா சமாதானமா இருக்கறாளான்னு, ஊட்டுக்குள்ள போயிப் பாத்தா தெரிஞ்சுக்கற? வாசல்ல நிக்கறப்பவே தெரியுதில்ல?"

ராக்கப்பன் தலையைச் சொறிந்துகொண்டே சட்டியைத் தூக்கினான்.

எல்லாவற்றிலும் பேர் வாங்கினது மொச்சைதான். காய்ந்த மொச்சையை ஊற வைத்து, குழையாமல் வேக வைத்து, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு வறுப்பாள். இதை யாரும் செய்வார்கள். கடைசியில் அவள் செய்கிறதுதான் அவளுடைய சொந்த வேலை. நாலைந்து நாள் புளித்துக் காடியாகிப் போன கள்ளை ஒரு கை அள்ளி, கொதிக்கிற சட்டியில் சுற்றித் தெளித்து, சட்டென்று மூடிவிடுவாள். சட்டிக்குள் சுர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் மூடியைத் திறந்தால் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசம் எழும்பும் பாருங்கள், அது புளியிலும் வராது, எலுமிச்சையிலும் வராது.

எழுபத்து நாலில் தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு திரும்பவும் வந்து, கடைகளெல்லாம் சாத்தியாயிற்று. கோவிந்தாபுரத்துக்கு வருகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒருத்தன் மாட்டுக்கு மருந்து வாங்க வருவான், ஒருத்தன் அத்தை வீட்டுக்கு வருவான். எல்லா வழியும் கடைசியில் தோப்புக்குள் போய் முடியும். சனிக்கிழமை தவறாமல் வருகிற ஒருத்தர் மட்டும் எழுந்து போகும்போது தேக்கிலையில் மொச்சை பொட்டலம் கட்டித் தரச் சொல்வாராம். "அந்தக் கை நல்லா இருக்கோணும்னு சொல்லச் சொன்னாருங்க" என்று ராக்கப்பன் வந்து சொல்வான். யாரோ எவரோ, பழனாத்தாளுக்கு அந்தச் சொல்லில் மனசு குளிர்ந்து போகும். "சனிக்கெழமைப் பொட்டலத்துல தேங்காப்பல்லு கூடப் போடச் சொல்லு" என்பாள்.

இதற்குள் பொன்னாத்தாள் வளர்ந்து, கல்யாண வயசும் வந்து, அது தாண்டவும் ஆரம்பித்தது. இரண்டு இடம் வந்தது. இரண்டும் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று. "கள்ளுக்கடைக்கு ஆக்கிப் போடற ஊட்டுல பொண்ணெடுக்கறதா?" என்று ஒருத்தர் தெருவில் நின்றே கேட்டுவிட்டுப் போனார். பழனாத்தாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் ஷாப்புக்குச் சட்டி போயிற்று. போகாவிட்டால் மறுநாள் அரிசி ஏது?

மூன்றாவது இடத்தை அவள் தம்பி அப்புசாமி கொண்டு வந்தான். கொல்லங்கோட்டில் வெற்றிலைக் கடை வைத்திருக்கிறவன். வாயில் வெற்றிலை இல்லாத நேரத்தில் பொய் இருக்கும் என்று அவன் அக்காளே கேலி செய்வாள்.

"பையன் பேரு செங்கோட்டையன். பீர்மேட்டுல தேயிலை பேக்டரில மிசினு பாக்கறான். குவார்ட்டர்ஸ் குடுத்துருக்கறாங்க. அவங்கப்பன் காளிச்சாமி ஆனைமலைப் பக்கம் பெரிய விவசாயி. அக்கா, ஒண்ணே ஒண்ணு. அந்த மனுசன் வருசா வருசம் பழனிக்கு நடக்கறவரு. கள்ளுன்னு காதுல கேட்டாலே காதைக் கழுவறவருன்னு ஊருல பேச்சு. ஷாப்புப் பேச்சே எடுக்கப்படாது."

"அவங்ககிட்ட என்னன்னு சொல்லியிருக்கற?"

"கொல்லங்கோட்டுக்குப் பக்கத்துல பண்ணையம்னு சொன்னேன். பண்ணையம் இல்லியா? இருக்குதில்ல!"

பொன்னாத்தாள் அம்மியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குச் சோறு போட்டது எந்தப் பண்ணையம், மாமா?" என்றாள்.

"நீ சும்மா இரு அம்மிணி."

"கேக்காட்டி நான் ஒண்ணும் பேசல. கேட்டுட்டா பொய் சொல்ல மாட்டேன். அம்மா வெந்த அடுப்பு அது."

பழனாத்தாள் மகள் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரித்தாள். கண்ணில் நீர் வந்தது, பழியை வெங்காயத்தின் தலையில் போட்டாள்.

இங்கே ஒரு வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வீடு பார்க்க வந்தால் தண்ணீர் குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள். மனசு ஒத்துப்போகாமல் சோற்றில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் பேச்சு மாறினால் ஊர் காறித் துப்பும். அதனால் பெண் வீட்டில் இலை போட்டுவிட்டு, அந்த ஒரு கை சோற்றில் இறங்குகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நல்ல காரியத்துக்கு வீட்டில் கறி மீன் கூடாது. ஷாப்புக்கு அன்றைக்கு மொச்சை மட்டும்தான் என்று முன்னமே சொல்லி அனுப்பினாள் பழனாத்தாள். விடியற்காலையிலேயே அதைச் செய்து முடித்து, அடுப்படி மூலையில் சட்டியை வைத்து, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்தாள். விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் ராக்கப்பன் எடுத்துப் போய்விட வேண்டும் என்று ஏற்பாடு. காடி இருந்த ஜாடியை மாட்டுக் கொட்டகையில் கொண்டு போய் ஒளித்தாள். அடுப்படி முழுக்கச் சாம்பிராணி போட்டாள்.

பிறகு விருந்துச் சமையல். அதில்தான் அவளுக்குப் பெரிய கஷ்டம். கை தன்னால் காடியைத் தேடிப் போகிறது, இழுத்து இழுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பருப்பு, தட்டைப்பயிற்றுக் குழம்பு, பூசணிக்காய்ப் பொரியல், ரசம், பாயசம். ஷாப்புக்குச் சமைக்கிற கையின் அடையாளம் எங்கேயும் தெரிந்துவிடக் கூடாது என்று புளியைக் குறைத்து, காரத்தைக் குறைத்து, பயந்து பயந்து சமைத்தாள். பயந்து சமைத்த சோறு எப்படி இருக்கும்? பொன்னாத்தாள் குழம்பை ருசி பார்த்துவிட்டு, "இது யாரு ஊட்டுக் கொழம்பு?" என்றாள்.

பஸ் என்றைக்காவது நேரத்துக்கு வந்திருக்கிறதா? அன்றைக்குப் பார்த்து முன்னாலேயே வந்து தொலைத்தது. ராக்கப்பன் வரவில்லை, விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

காளிச்சாமி சலவை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்தார். நல்ல ஆகிருதி. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கினதிலிருந்தே யாரோ துரத்துகிற மாதிரி அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். "கொல்லங்கோடுன்னீங்க, கோவிந்தாபுரத்துலயே எறக்கிட்டீங்களே?" என்று அப்புசாமியிடம் கேட்டார். "பக்கந்தானுங்களே" என்று அப்புசாமி வெற்றிலையை மென்றான். செங்கோட்டையன் பீர்மேட்டுக் குளிருக்குப் பழகினவன். நம்மூர் வெயிலில் வெல்லப்பாகு மாதிரி உருகிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றான். அவன் அம்மா சின்னத்தாயி மெலிந்த உடம்பு. பேச்சு குறைவு. கண் மட்டும் ஒன்றையும் விடாது.

ஆம்பளைகள் வெளி அறையில் உட்கார, சின்னத்தாயி நேரே அடுப்படிக்கு வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். பழனாத்தாளுக்குத் திக்கென்றது. கூடை கவிழ்த்த மூலை பலகைக்கு எட்டுகிற தூரம்.

"முன்னாடி ஒக்காருங்கக்கா, இங்க ஒரே பொகை."

"பொகைக்குப் பொறந்தவங்கதானே நாம. இருக்கட்டும் அம்மிணி." கொஞ்ச நேரம் பொன்னாத்தாளைப் பார்த்தாள். "என்ன புள்ள, பையன் ரொம்பத் தூரத்துல இருக்கறான், மலைமேல. தனியா இருந்துக்குவியா?"

"தனியா எங்கீங்க? அவிகளும் இருப்பாங்கல்ல" என்றாள் பொன்னாத்தாள்.

சின்னத்தாயி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் பழனாத்தாளுக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் அடுத்த பேச்சில் போய்விட்டது.

"எங்கூட்டுக்காரரு சனிக்கெழமை தவறாம இந்தப் பக்கந்தான் வர்றாரு. புண்ணாக்கு வாங்க. இங்கதான் நல்ல புண்ணாக்குக் கெடைக்குதாமா. ரெண்டு வருசமா அத்தனை புண்ணாக்குத் தின்னதுக்கு எங்கூட்டு மாடு இந்நேரம் ஆனையா ஆயிருக்கோணும்."

இந்தப் பக்கம் வருகிறவரா? அப்படியென்றால் ஷாப்பு இங்கே இருப்பது தெரிந்திருக்குமே. யாராவது ஏதாவது சொல்லியிருந்தால்? பழனாத்தாளின் கரண்டி குழம்புக்குள் நழுவி விழுந்தது.

அந்த நேரம் பார்த்துக் காளிச்சாமி கால் கழுவப் பின்பக்கம் போனார். தொட்டியிலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டு நிமிர்ந்தவர், தோப்பைப் பார்த்தார். தென்னை மரத்து இடுக்கில் ஷாப்புக் கூரை தெரிந்தது. அதே தோப்பிலிருந்து குடுவையும் அரிவாள் பெட்டியுமாக ராக்கப்பன் வந்தான். அவன் காளிச்சாமியைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கப் போனான். வாயைத் திறந்தான். அப்புறம் சலவை வேட்டியைப் பார்த்தான், விபூதியைப் பார்த்தான், வாசலில் கிடந்த புதுச் செருப்புகளைப் பார்த்தான். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, வந்த வழியே விறுவிறுவென்று திரும்பிப் போனான். சட்டியை எடுக்கவில்லை.

அடுப்படி ஜன்னல் வழியே பழனாத்தாள் எல்லாம் பார்த்தாள். மரமேறி கொல்லைக்கு வந்ததையும், காளிச்சாமி முகம் வெளிறிப் போனதையும், சொம்புத் தண்ணீர் காலில் விழாமல் மண்ணில் ஊற்றினதையும் பார்த்தாள். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். நினைக்காமல் என்ன செய்வாள்?

உள்ளே வந்த காளிச்சாமி உட்காரவில்லை. "ஊரு ரொம்ப வெயிலா இருக்குதுங்க. பொண்ணு வந்து போறதுன்னாலும் பஸ்ஸு மாறி மாறி வரோணும். நாங்க போயி யோசிச்சுச் சொல்லி அனுப்பறோமுங்க" என்றார்.

"என்னங்க இது, இலை போட்டாச்சுங்களே!" என்றான் அப்புசாமி.

"இன்னொரு நாளைக்கு ஆகட்டுமுங்க."

"அப்பா, பீர்மேட்டுல இருந்து நான் லீவு போட்டு வந்திருக்கறேன்" என்றான் செங்கோட்டையன். அவன் கண் ஒரு தரம் அடுப்படி வாசலுக்குப் போய் வந்தது. பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது என்று அதிலேயே தெரிந்தது.

"லீவு மறுக்காப் போட்டுக்கலாம்டா."

மூன்றாவது இடமும் வாசலில் நின்று திரும்புகிறது. பழனாத்தாள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். பொன்னாத்தாள் அம்மாளைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. விடும்மா என்கிற பார்வை. அதைத்தான் பழனாத்தாளால் தாங்க முடியவில்லை.

இதற்கிடையில் சின்னத்தாயி என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? மூக்கால் வாசம் பிடித்துக்கொண்டிருந்தாள். சாம்பிராணி அடங்கிப் போயிருந்தது. அவள் மெல்ல நகர்ந்து, மூலைக்கு எட்டி, கூடையைத் தூக்கினாள். மூடியையும் தூக்கினாள்.

"இது என்ன, அம்மிணி?"

"மொச்சைங்கக்கா."

"எலையில வெக்கறதுக்கா?"

"இல்லீங்க."

"பின்ன யாருக்கு?"

பக்கத்து வீட்டுக்கு என்று சொல்லலாம். கூலி ஆளுக்கு என்று சொல்லலாம். அப்புசாமி இருந்திருந்தால் பத்துப் பொய் சொல்லியிருப்பான். பழனாத்தாளுக்கும் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகள் பக்கத்தில் நிற்கிறாள். கேட்டுட்டா பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்ன மகள். எப்படியும் போகிறவர்கள்தானே, போகிறபோது பொய்யையும் எதற்குச் சுமந்து போக வேண்டும்?

"கள்ளுக்கடைக்குங்க" என்றாள் பழனாத்தாள். "தோப்புக்குள்ள இருக்குது. எங்கூட்டுக்காரரு போனதுல இருந்து நாந்தான் அங்க ஆக்கிப் போடறேன். இந்தப் புள்ளைய அதுலதான் வளத்துனேன். தம்பி உங்ககிட்ட மறைச்சுட்டான். நானும் மறைச்சேன். தப்புத்தானுங்க. உங்கூட்டுக்காரருக்குத் தெரிஞ்சு போச்சு, அதான் கெளம்பறாரு. அவர்மேல குத்தமில்லீங்க."

சின்னத்தாயி கையை நீட்டினாள். சட்டியில் இருந்து ஒரு மொச்சையை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். மென்று முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

"எனக்கு வெசக்காச்ச வந்துச்சு" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "ரெண்டு வருசம் முந்தி. காச்ச போயிருச்சு, ஆனா நாக்குச் செத்துப் போச்சு. சோறு மண்ணு மாதிரி, பாலு தண்ணி மாதிரி. எதுவும் எறங்கல. படுத்த படுக்கையாவே கெடந்தேன். போயிருவேன்னுதான் ஊருல நெனச்சாங்க. ஒரு சனிக்கெழமை இவரு தேக்கெலையில ஒரு பொட்டலம் கொண்டாந்தாரு. கொல்லங்கோட்டுல ஒரு மெஸ்ஸாம், அங்க ஒரு அம்மா ஆக்குதாம். பிரிச்சா இந்த வாசம். ரெண்டே ரெண்டு மொச்சை வாயில போட்டேன். அப்பறம் கொஞ்சம் சோறு குடுங்கன்னு நானாக் கேட்டேன். ஆனையாட்டம் மனுசன், அன்னைக்கு வாசப்படியில ஒக்காந்து அழுதாரு."

பழனாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சனிக்கிழமைப் பொட்டலம்.

"மெஸ்ஸுன்னு..." என்று பொன்னாத்தாள் ஆரம்பித்தாள்.

"மெஸ்ஸாவது ஒண்ணாவது! சட்டையில கள்ளு நாத்தம் வர்ற மெஸ்ஸு எந்த ஊருல இருக்குது புள்ள? மொத நாளே தெரியும். சொன்னா பொட்டலம் நின்னு போயிருமேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்." சின்னத்தாயி கண்ணைத் துடைத்தாள். "அந்தக் கைய ஒரு தடவையாவது பாக்கோணும்னு இருந்தேன். எங்க காட்டு பாப்பம்."

பழனாத்தாள் கை நீட்டத் தெரியாமல் நின்றாள். வெங்காய நாற்றமும் அடுப்புக் கரியும் ஏறின கை. சின்னத்தாயி அதைத் தானே பிடித்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சோறு போடு, அம்மிணி."

"அக்கா, அவரு கெளம்பறேங்கறாரே?"

"அவரு எங்க போறாரு? எனக்கு மொதல்ல போடு."

பொன்னாத்தாள் இலைத் துண்டு ஒன்றை விரித்துச் சோறு வைத்தாள். குழம்பை எடுக்கப் போனவளைத் தடுத்து, சின்னத்தாயி மொச்சைச் சட்டியைக் காட்டினாள். அடுப்படியில், பலகை மேல் உட்கார்ந்து, ஷாப்புக்குப் போக இருந்த மொச்சையோடு பிசைந்து, மாப்பிள்ளையைப் பெற்றவள் சோற்றில் கை நனைத்தாள்.

நனைத்த கையோடு எழுந்தாள். இடது கையில் ஒரு கிண்ணம் மொச்சையை எடுத்துக்கொண்டு வெளி அறைக்குப் போனாள். பழனாத்தாளும் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றாள். காளிச்சாமி ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைக் காலால் தேடிக்கொண்டிருந்தார். மனைவியின் கையில் சோறு ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் கால் அப்படியே நின்றது.

"என்ன புள்ள, கை நனைச்சுட்டியா?"

"நனைச்சுட்டேனுங்க. நீங்களும் வந்து ஒக்காருங்க. எலை காயுது."

எங்கள் பக்கத்து ஆம்பளை நாலு பேர் முன்னால் என்னதான் மீசை முறுக்கினாலும், வீட்டுக்காரி கை நனைத்த சோற்றைத் தாண்டிப் போக மாட்டான். காளிச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். சின்னத்தாயி கிண்ணத்தை அவர் இலையில் கவிழ்த்தாள். அவ்வளவுதான், வாசம் எழும்பிற்று. காளிச்சாமிக்கு அந்த வாசம் தெரியாதா? அவர் கை இலைக்கு மேலே நின்றுவிட்டது. இலையைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், நிலைப்படியில் நின்ற பழனாத்தாளைப் பார்த்தார், கடைசியாகத் தைரியத்தைத் திரட்டிப் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"சாப்புடுங்க" என்றாள் சின்னத்தாயி. "ஏனுங்க, புண்ணாக்கு எப்பிடி இருக்குது?"

அப்புசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "புண்ணாக்கா? அக்கா மொச்சைதானுங்க ஆக்கியிருக்குது!" என்றான் பதறிப் போய். செங்கோட்டையனுக்குப் புரிந்தது. துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான், அவன் தோள் மட்டும் குலுங்கிற்று.

காளிச்சாமியின் முகத்தில் விபூதி வேர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கியது. ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு தலை நிமிராமலே, "நான் பயந்துட்டேன் புள்ள" என்றார். "இங்க சம்பந்தம் ஆச்சுன்னா என்ற வண்டவாளம் வெளிய வந்துருமேன்னு. பொண்ணு ஊட்டு மேல ஒரு கொறையும் இல்ல."

"நாங்களும் அதையேதானுங்க பயந்தோம்" என்றாள் பழனாத்தாள் நிலைப்படியிலிருந்து. அவள் குரல் அவளுக்கே புதுசாக இருந்தது. "உங்களுக்குத் தெரிஞ்சிருமேன்னு."

காளிச்சாமி இப்போதுதான் நேராகப் பார்த்தார். "அந்தக் கை நல்லா இருக்கோணும்னு ராக்கப்பன்கிட்டச் சொல்லி அனுப்புவேனுங்க. சொன்னானா?"

"வாரா வாரம் சொல்லுவானுங்க."

"பொட்டலத்துல தேங்காப்பல்லு கொஞ்சம் கூடவே இருக்கும். சரிதான், எதோ தவறி விழுந்துருச்சுன்னு நெனச்சேன்" என்றார் அவர். அப்புறம் சிரித்தார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கினதில் இலையில் இருந்த மொச்சை நாலு உருண்டு ஓடியது.

அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் குழம்பைத் தொடவே இல்லை. தொட்டது அப்புசாமி மட்டும்தான். "அக்கா, கொழம்புல என்ன, உப்புப் போட மறந்துட்டியா?" என்று கேட்டு எல்லோரிடமும் திட்டு வாங்கினான்.

மொச்சையில் தெளிக்கிறது காடிக் கள்ளு என்று பேச்சுவாக்கில் தெரிந்துகொண்ட செங்கோட்டையன், வெற்றிலை பாக்கு மாற்றும்போது மெல்ல ஒரு சந்தேகம் கேட்டான். "பீர்மேட்டுல கள்ளு கெடைக்கறது கஷ்டமுங்க. இந்த மொச்சைக்கு அங்க என்ன பண்றது?"

"வேணுங்கறவங்க சனிக்கெழமை இங்க வந்து திங்கட்டும்" என்று அடுப்படிக்குள்ளிருந்து பொன்னாத்தாளின் குரல் வந்தது. "அவங்கப்பாவோட புண்ணாக்கு வாங்க."

பொழுது மேற்கே சாய்ந்து, விருந்தாளிகள் பஸ் ஏறின பிறகுதான் ராக்கப்பன் பூனை மாதிரி பின்வாசலில் எட்டிப் பார்த்தான். "போயிட்டாங்களா? நான் ஒண்ணும் வாயத் தெறக்கலம்மா. புண்ணாக்கு மாமான்னுதான் கடையில கூப்புடுவோம், அதக்கூடச் சொல்லல" என்றான். சட்டியைத் தூக்கினவன் கனமில்லாததைக் கண்டு மூடியைத் திறந்து பார்த்தான். அடியில் நாலு மொச்சையும் மிளகாய்த் தோலும் கிடந்தன.

"ஐயோ! மத்தியானத்துல இருந்து ஷாப்புல எல்லாரும் வெறுங்கள்ளு குடிச்சுக்கிட்டு என்னைய வையறாங்க. நான் போயி என்னன்னு சொல்றது?"

பழனாத்தாள் மாட்டுக் கொட்டகையிலிருந்து காடி ஜாடியை எடுத்து வந்து, அடுப்புக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தாள்.

"பழனாத்தா ஊட்டுல இன்னைக்குச் சம்பந்தி கை நனைச்சாங்கன்னு சொல்லு" என்றாள். "பேரைச் சொல்லியே சொல்லு. நாளைக்குச் சட்டி நெறைய வருமுன்னும் சொல்லு."

அவ்வளவுதான் கண்ணுகளே கதை. கிட்ட வந்து பொறுமையாகக் கேட்டீர்களே, உங்கள் வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணைந்து கிடக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வருகிற யாரும் கை நனைக்காமல் வாசலோடு திரும்பிப் போக வேண்டாம். நாக்குச் செத்துப் படுத்திருக்கிறவர்களுக்கு எங்கிருந்தாவது ஒரு பொட்டலம் வந்து சேரட்டும். உங்கள் பிள்ளைகளும், பிள்ளைகளுக்கு வாய்த்தவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் ஒரே சட்டியில் சிரித்துச் சாப்பிட்டு, வீடு நிறைந்து நல்லா இருக்கட்டும்.